வாசகர் கையில் இருப்பவை தவிர

பிப்ரவரி 3, திங்கள்

காலையில் போனதும் மேசை மேல் முதல்வரின் சுற்றறிக்கை. நூலகத்தின் கிழக்குப் பாதியை வேலைவாய்ப்புப் பயிற்சி மையத்துக்கு விட்டுவிட வேண்டுமாம். அறுபது கம்ப்யூட்டர் வரப்போகிறதாம். அதற்கு இடம் வேண்டி, "நன்கொடையாக வந்த நூல்கள் அனைத்தும் கழிக்கப்படும், மார்ச் 31 அன்று வாசகர் கையில் இருப்பவை தவிர."

இந்தக் கல்லூரியில் யாரும் சுற்றறிக்கையை முழுசாகப் படிப்பதில்லை என்று முப்பது வருஷமாக ஏசிக்கொண்டிருக்கிறேன். இதை முழுசாகப் படித்துத் தொலைத்தேன்.

வரும் வழியில் அரைக் கிலோ தக்காளி. ஒரு ஆளுக்கு அதுவே அதிகம்.

பிப்ரவரி 4, செவ்வாய்

சண்முகக்கனி லீவு. நூலகத்துக்கு இருக்கிற ஒரே உதவியாளர், அவளுக்கும் பல்வலி. கிழக்கு அலமாரிகளை நானே துடைத்தேன். ஒரே தும்மல்.

பிப்ரவரி 6, வியாழன்

இன்று நன்கொடைப் பதிவேட்டை எடுத்துப் பார்த்தேன். மொத்தம் எழுபத்து நான்கு நன்கொடைகள். பெரும்பாலும் ஓய்வு பெற்றவர்கள் பரண் ஒழித்த சரக்கு. வருமான வரிக் கையேடு, சமையல் குறிப்பு, மூன்றாம் பாகம் மட்டும் இருக்கிற கலைக்களஞ்சியம். போனால் போகட்டும்.

61-ஆம் நன்கொடை அப்படியில்லை. கணிதத் துறையில் இருபத்தாறு வருஷம் பாடம் நடத்தி இறந்துபோன ஒரு பேராசிரியையின் புத்தகங்கள். இருநூற்றுப் பதினேழு. கொடுத்தவர், கணவர். காரணம் என்ற கட்டத்தில், "வீட்டில் இடமில்லை."

நன்கொடை விதிகளை ஒன்பது வருஷத்துக்கு முன்னால் எழுதிய ஆள் நான். விதி 7: கொடுத்ததைத் திருப்பிக் கேட்க முடியாது, நூலகம் அதை என்னவும் செய்யலாம். விதி 9: கழித்த புத்தகத்தை ஊழியர் யாரும் எடுத்துப் போகக் கூடாது, காகித ஆலைக்குத்தான் போக வேண்டும். அந்தக் காலத்தில் நல்ல புத்தகத்தைக் 'கழிவு' என்று எழுதி வீட்டுக்குக் கொண்டுபோன மகான்கள் இருந்தார்கள். அவர்களுக்காகப் போட்ட பூட்டு.

விதி 3-உம் உண்டு. புத்தகத்தில் பென்சில் எழுத்து இருந்தால் அழித்துவிட்டுத்தான் சேர்க்க வேண்டும். 61-ஆம் நன்கொடையில் முதல் முப்பது புத்தகத்தில் அழித்தேன். அப்புறம் நேரம் கிடைக்கவில்லை.

பிப்ரவரி 11, செவ்வாய்

61-இல் ஒரே ஒரு புத்தகத்துக்குத்தான் கிராக்கி. மூன்றாம் ஆண்டுக் கணிதத்துக்கான பகுப்பாய்வுப் பாடநூல். முதுகில் சிவப்பு நாடா ஒட்டிக் கவுண்ட்டர் அலமாரியில் வைத்திருக்கிறோம். பாட ஒதுக்கீடு: வீட்டுக்குத் தரமாட்டோம், இங்கேயே உட்கார்ந்து இரண்டு மணி நேரம் படிக்கலாம்.

படிக்கிறவளும் ஒருத்திதான். சீவலப்பேரி பஸ்ஸில் வருகிற ஒல்லிப் பெண். பெயர் தெரியாது, வருகைப் பதிவேட்டில் அவள் கையெழுத்து கோழி கிளறியது மாதிரி இருக்கும். தினமும் ஒரு மணிக்கு வந்து, நோட்டில் அத்தியாயம் அத்தியாயமாக எழுதி எடுக்கிறாள். இன்று புத்தகத்தைத் திருப்பித் தரும்போது கேட்டாள்.

"சார், இதுல ஓரத்துல பென்சில்ல எழுதியிருக்காங்கள்லா, அது யாரு சார்?"

"எவளோ கிறுக்கி வச்சிருக்கா. உனக்கு எதுக்கு அது?"

"கிறுக்கல் இல்ல சார். புக்க விட அதுதான் வெளங்குது. ஒரு எடத்துல 'இங்கே எல்லோரும் தடுக்கி விழுவார்கள், மெதுவாக' அப்படின்னு போட்டிருக்கு. நேத்து நான் அங்கதான் சார் விழுந்தேன்."

நேரமாகிவிட்டது, போ என்று விரட்டினேன். பிறகு வெகுநேரம் தேதி முத்திரையைச் சுத்தம் பண்ணிக்கொண்டிருந்தேன். அதில் அழுக்கு ஒன்றுமில்லை.

பிப்ரவரி 14, வெள்ளி

முதல்வர் டாக்டர் விமலாவைப் பார்த்தேன். நல்ல மனுஷிதான். பதவி அப்படி.

"மேடம், அறுபத்தொண்ணாம் நன்கொடைய மட்டும் விட்டுருங்க."

"அது ஜாய்ஸ் மேடம் புக்ஸ்தானே சார்? உங்க வீட்டம்மா கொடுத்தது."

"நான் கொடுத்தது."

"எனக்கு மட்டும் கஷ்டமா இல்லையா சார்? நான் ஜூனியரா வந்தப்போ அவங்க பக்கத்துல உக்காந்து பாடக்குறிப்பு எழுதுனவ. ஆனா ஒண்ண விட்டா எழுபத்து மூணு பேரும் வந்து நிப்பாங்க."

"அப்ப நானே வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிருதேன்."

முதல்வர் கோப்பைத் திருப்பிக் காட்டினார். நன்கொடைப் படிவம். கொடுப்பவர்: தே. ஞானதிரவியம். பெறுபவர், நூலகர்: தே. ஞானதிரவியம். இரண்டும் என் கையெழுத்து, ஒரே பேனா.

"இதுல எந்தக் கையெழுத்தப் பாத்து சார் நான் திருப்பித் தர? நீங்க எழுதுன ஒன்பதாம் விதிதான் உங்களத் தடுக்குது."

சரி மேடம் என்று வந்துவிட்டேன். நான் போட்ட பூட்டு நன்றாகத்தான் பூட்டுகிறது.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன், இந்த நோட்டை யார் படிக்கப் போகிறார்கள். ஜாய்ஸ் போன மூன்றாம் வாரம் ஒரு ஆட்டோவில் நாலு நடையாக இவற்றைக் கொண்டுவந்து இறக்கினேன். வீட்டில் மூன்று அறை, ஒரு ஆள். இடமில்லாமல் இல்லை. எந்தப் புத்தகத்தைத் திறந்தாலும் அவள் ஓரத்தில் நின்று பேசிக்கொண்டிருந்தாள். எனக்குத் தாங்கவில்லை. அவ்வளவுதான்.

பிப்ரவரி 24, திங்கள்

செய்துவிட்டேன்.

'வாசகர் கையில் இருப்பவை தவிர' என்றுதானே சுற்றறிக்கை. அப்படியானால் வாசகர் கையில் இருக்கட்டும். கணிதத் துறையில் படிப்பை இடையில் நிறுத்தியவர்களின் பட்டியல் ஆபீசிலிருந்து வந்தது இருக்கிறது. ஒன்பது பதிவு எண்கள். ஒன்பது பேரும் கல்லூரியை விட்டே போனவர்கள், யாருக்கும் நஷ்டமில்லை. ஆளுக்கு இருபத்து நான்கு புத்தகம் என்று கம்ப்யூட்டரில் வழங்கிவிட்டேன். இருநூற்றுப் பதினாறு. சிவப்பு நாடா ஒன்றை மட்டும் தொட முடியவில்லை. ஒதுக்கீட்டுப் புத்தகத்தை வழங்க மென்பொருள் விடாது.

பெயர்களைப் பார்க்கவில்லை. எண்ணை அடித்தேன், அடுத்த எண்ணை அடித்தேன். பெயரைப் பார்த்தால் நிறுத்திவிடுவேன் என்று தெரியும்.

புத்தகங்களைப் பழைய பேப்பர் கட்டு அறைக்கு நானும் சண்முகக்கனியும் சுமந்தோம்.

"இது எதுல போய் முடியப் போகுதோ சார்," என்றாள்.

"கழிவுப் பட்டியல்ல கமிட்டி கையெழுத்து ஆகட்டும் கனி. மறுநாளே அத்தனையும் திரும்பி வந்ததா காட்டிருதேன்."

முப்பது வருஷத்தில் வழங்கல் கணக்கில் இன்றுதான் முதல் பொய். இரவு சாப்பாடு இறங்கவில்லை, ஆனால் தூக்கம் வந்தது.

மார்ச் 11, செவ்வாய்

பதினைந்து நாள் தவணை முடிந்தது. அத்தனையையும் புதுப்பித்தேன். ஒரு தடவைதான் புதுப்பிக்கலாம். அதுவும் என் விதிதான்.

தேர்வு அலுவலகத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை. படிக்க மனமில்லை. பிளாஸ்க்குக்கு அடியில் வைத்தேன்.

மார்ச் 26, புதன்

தவணை தாண்டிவிட்டது. திரையில் இருநூற்றுப் பதினாறு சிவப்பு வரி. இன்னும் ஐந்து நாள்தான்.

மார்ச் 28, வெள்ளி

புத்தகம் கழிக்கிற கமிட்டியின் உறுப்பினர் ஒருவர் வீட்டில் கல்யாணமாம். பட்டியலில் கையெழுத்து ஏப்ரல் 15-க்குத் தள்ளிப்போனது. அன்றைக்கு யார் கையில் எது இருக்கிறதோ அதுவே கணக்கு என்று சொல்லிவிட்டார்கள். கல்யாணம் நல்லபடியாக நடக்கட்டும். இன்னும் பதினெட்டு நாள் இந்தப் பொய்யைக் கட்டிக் காக்க வேண்டும்.

ஏப்ரல் 8, செவ்வாய்

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

இன்று ஹால் டிக்கெட் கொடுக்கிற நாள். பதினொரு மணிக்கு அந்தச் சீவலப்பேரிப் பெண் கவுண்ட்டருக்கு ஓடி வந்தாள். கையில் ஆபீசில் அச்சடித்துக் கொடுத்த தாள்.

"சார், என் பேர்ல இருபத்து நாலு புக்கு நிலுவைல இருக்காம் சார். ஹால் டிக்கெட் தரமாட்டோம்னுட்டாங்க. நான் ஒரு புக்கு கூட வீட்டுக்கு எடுத்துட்டுப் போனதில்ல சார். உங்களுக்குத் தெரியும்லா?"

தாளை வாங்கிப் பார்த்தேன். ம. இசக்கியம்மாள். அதற்குக் கீழே வரிசையாக ஜாய்ஸின் புத்தகங்கள். எல்லாம் பிப்ரவரி 24, காலை 11.02 முதல் 11.09 வரை.

"நீ... இடையில நின்னவள்லா? லிஸ்ட்ல அப்படித்தான இருக்கு?"

"போன வருஷம் அப்பா கீழ விழுந்து படுக்கையில கெடந்தாங்க சார். ஆறு மாசம் பீடிக் கடைக்குப் போனேன். மறுபடி சேந்துட்டேன். ஆபீஸ்ல எல்லாப் பேப்பரும் குடுத்தேனே சார்."

சேர்ந்ததை ஆபீஸ் பட்டியலில் திருத்தவில்லை. நான் பெயரைப் பார்க்கவில்லை. மூன்று மாதமாகத் தினமும் எதிரில் உட்கார்ந்து படிக்கிற பெண்ணின் பெயர் எனக்குத் தெரியாது.

அவளை அனுப்பிவிட்டுப் பிளாஸ்க்குக்கு அடியில் இருந்த சுற்றறிக்கையை எடுத்தேன். இந்த வருஷம் முதல் நூலக நிலுவை நேரே தேர்வு அலுவலகத்துக்குப் போய்விடும். மார்ச் 31 வரை நிலுவையில் இருப்பவர்களை விடுவிக்க முதல்வர் எழுத்தில் உத்தரவு தர வேண்டும். கடைசி நாள் ஏப்ரல் 11, மாலை நான்கு மணி.

சுற்றறிக்கையை முழுசாகப் படிக்காதவன் யார் என்று இப்போது தெரிந்துவிட்டது.

ஏப்ரல் 9, புதன்

இன்று நான் செய்தது இந்த நோட்டில் கூட எழுதக் கூசுகிற காரியம். எழுதித்தான் ஆக வேண்டும்.

முதல்வர் அறைக்கு இசக்கியம்மாளைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். நானும் நின்றேன். ஒரே நாளில் இருபத்து நான்கு புத்தகம் எப்படி எடுத்தாய், எங்கே வைத்திருக்கிறாய், யாருக்கு விற்றாய் என்று கேட்டார்கள். விற்றாயா என்று கேட்டபோது அவள் என்னைப் பார்த்தாள். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

வெளியே வந்ததும் படிக்கட்டில் அவளை நிறுத்தினேன்.

"இங்க பாரும்மா. புக்கு எல்லாம் கெடச்சிட்டுன்னு நான் சொல்லிருதேன். நீ ஒரு மன்னிப்புக் கடிதம் மட்டும் எழுதிக் குடுத்துரு. மறந்து வச்சிருந்துட்டேன்னு. நாளைக்கே ஹால் டிக்கெட் வாங்கித் தாரேன்."

அவள் மெதுவாகக் கேட்டாள்.

"எடுக்காத புக்குக்கு எப்படி சார் மன்னிப்பு கேக்க?"

"பரீட்சை போயிரும்மா."

"போகுமேன்னுதான் சார் ராத்திரி பூரா அழுதேன். ஆனா எழுதிக் குடுத்தா நான் திருடின்னு ஆயிரும்லா. எங்க அம்மை பீடி சுத்தித்தான் சார் இங்க அனுப்புதா."

இறங்கிப் போய்விட்டாள். படிக்கட்டில் நான் மட்டும் நின்றேன். ஜாய்ஸ் இருந்திருந்தால் என் முகத்தில் முழித்திருக்க மாட்டாள். அவளைக் காப்பாற்றுகிறேன் என்று கிளம்பி, அவளுடைய கடைசி மாணவியைத் திருடியாக்கிவிட்டேன். ஆம், கடைசி மாணவிதான். ஓரத்தில் இருப்பதைப் படித்துப் பாடம் கற்கிறவளை வேறு என்னவென்று சொல்வது?

உண்மையைச் சொன்னால் இருநூற்றுப் பதினாறும் அலமாரிக்குத் திரும்பிவிடும். 15-ஆம் தேதி பட்டியலில் ஏறி, ஆலைக்குப் போய், கூழாகும். சொல்லாவிட்டால் ஒரு பெண்ணுக்கு ஒரு வருஷம் போகும். எழுதிப் பார்த்தால் சுலபமான கணக்காகத்தான் இருக்கிறது. எனக்கு ஏன் இரண்டு நாள் ஆகிறது?

ஏப்ரல் 11, வெள்ளி

மதியம் வரை மேசையில் உட்கார்ந்திருந்தேன். இரண்டு மணிக்கு வெள்ளைத்தாளில் எழுதினேன். பத்து வரி. கீழே ஒரு கையெழுத்து.

முதல்வர் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"என்ன சார் இது? நீங்களா?"

"நான்தான் மேடம். அந்தப் பிள்ளைக்கு மொதல்ல ஆர்டர் போடுங்க. மணி ரெண்டரை ஆயிட்டு."

உத்தரவில் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் அடுத்த வார்த்தை பேசினார். அதற்காக அவருக்கு என்றும் கடமைப்பட்டிருக்கிறேன்.

"பதினஞ்சாந் தேதி கமிட்டில, இந்த ஒண்ண மட்டும் கணிதத் துறை நூலகத்துக்கு மாத்தலாமான்னு கேக்கலாம்னு இருந்தேன் சார். அஜெண்டால கூட எழுதி வச்சிருக்கேன், பாருங்க. இனி எப்படிக் கேக்க? மோசடின்னு ஃபைல்ல ஏறிட்டு. இனி ஒரு புக்கத் தொட்டாலும் ஆடிட்ல நிப்பேன்."

தாளைக் காட்டினார். மெய்தான். மூன்றாவது வரியில் இருந்தது.

விசாரணை பரீட்சைக்குப் பிறகு. பதினைந்தாம் தேதி மாலை வரை என் பாஸ்வேர்டு இருக்கும், அதற்குள் அத்தனையையும் திருப்பிப் பதிய வேண்டும்.

மூன்று நாற்பதுக்கு இசக்கியம்மாள் ஹால் டிக்கெட்டோடு நூலக வாசலில் நின்றாள். சண்முகக்கனி அதற்குள் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள் போல. திட்டுவாள் என்று காத்திருந்தேன். அதற்குத் தகுதியான ஆள்தான் நான்.

"அந்தப் பென்சில்காரங்க உங்க வீட்ல உள்ளவங்களா சார்?"

"ஆமா."

"அத அன்னைக்கே சொல்லியிருக்கலாம்லா சார்," என்றாள். அவ்வளவுதான். பஸ்ஸுக்கு ஓடினாள்.

ஏப்ரல் 12, சனி

ஆளில்லாத நூலகம். ஒவ்வொன்றாக எடுத்து, திரும்பி வந்ததாகப் பதிந்தேன். பதிவதற்கு முன் ஒவ்வொன்றையும் திறந்து பார்த்தேன். ஆறு வருஷம் செய்யாததை ஒரே நாளில் செய்தேன். "இந்த நிரூபணம் அழகு." "தவறு, ஆனால் நல்ல தவறு." ஒரு பக்கத்தில், "ஞானம் டீ போட்டிருக்கிறார், சர்க்கரை போட மறந்துவிட்டார்." வகைக்கெழுச் சமன்பாடு ஒன்றின் ஓரத்தில் என் டீ இருக்கிறது.

அந்த முதல் முப்பதுதான் என்னைக் கொன்றது. சுத்தமாக அழித்திருக்கிறேன். விதி 3. ஜன்னல் பக்கம் சாய்த்துப் பிடித்தால் பென்சில் அழுத்திய தடம் மட்டும் தெரிகிறது. சில எழுத்து பிடிபட்டது. வார்த்தை ஒன்றுகூடக் கூடிவரவில்லை. காகித ஆலைக்காரனை எதற்குக் குறை சொல்ல, முதல் முப்பதை நானே என் கையால் முடித்துவிட்டேன். மேசையில் தலையை வைத்து அழுதேன். ஐம்பத்தேழு வயது ஆள் அழுகிற அழுகை இல்லை அது.

ஏப்ரல் 13, ஞாயிறு

குருத்தோலை ஞாயிறு. கோயிலுக்குப் போகவில்லை. விதிப் புத்தகத்தைத் திரும்பப் படித்தேன்.

ஏப்ரல் 15, செவ்வாய்

விதி 14: வகுப்புகள் முடிகிற நாளோடு பாட ஒதுக்கீடு காலாவதியாகும், அதன் பின் அந்நூலை மற்ற நூல்களைப் போல வீட்டுக்கு வழங்கலாம்.

வகுப்புகள் வெள்ளிக்கிழமை முடிந்துவிட்டன. காலை ஒன்பதே காலுக்கு இசக்கியம்மாள் வந்தாள். நாளை அவளுக்குப் பகுப்பாய்வுப் பரீட்சை. கவுண்ட்டர் அலமாரியிலிருந்து புத்தகத்தை எடுத்து, முதுகில் இருந்த சிவப்பு நாடாவை உரித்தேன். பசை காய்ந்துபோய் நகத்தால் சுரண்ட வேண்டியிருந்தது.

"பேர் சொல்லும்மா."

"தெரியும்லா சார்."

"சொல்லு. கேட்டுட்டுத்தான் அடிப்பேன்."

"ம. இசக்கியம்மாள்."

ஒவ்வொரு எழுத்தாக அடித்தேன். திரையில் பெயர் வந்ததும் அவளிடம் காட்டிச் சரியா என்று கேட்டேன். பிறகு தேதிச் சீட்டில் முத்திரை: ஏப்ரல் 30. 61-ஆம் நன்கொடையிலிருந்து ஒரு புத்தகம் நிஜமாகவே வீட்டுக்குப் போவது இதுதான் முதல் தடவை. அவள் அதைத் துப்பட்டாவில் சுற்றிக்கொண்டு போனாள்.

பதினொரு மணிக்குக் கமிட்டி பட்டியலில் கையெழுத்திட்டது. 61-ஆம் நன்கொடை: அலமாரியில் 216. வாசகர் கையில் 1. முதல்வர் அந்த ஒன்றைப் பார்த்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பினார்.

மாலையில் பாஸ்வேர்டு போய்விட்டது.

ஏப்ரல் 17, வியாழன்

லாரி வந்தது. எண்ணிக் கொடுக்க வேண்டியது நூலகரின் வேலை. எண்ணிக் கொடுத்தேன்.

ஏப்ரல் 30, புதன்

இன்று வரமாட்டாள் என்றுதான் நினைத்தேன். வந்தாள், தவணை தேதியில், ஒரு மணிக்கு.

புத்தகம் சேதமாகாமல் திரும்பியிருக்கிறதா என்று பக்கம் பக்கமாகப் பார்ப்பது என் பழக்கம். கம்ப்யூட்டரைத் தொட முடியாது, கண்ணையாவது விட்டிருக்கிறார்களே. நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் ஜாய்ஸின் கணக்கு ஒன்று ஓரத்தில் இருந்தது. அதற்குக் கீழே புதிதாக, கோழி கிளறிய கையெழுத்தில் பென்சில்: "டீச்சர், மூன்றாவது வரியில் குறி திரும்பிவிட்டது. பெரியது என்று இருக்கிறது, சிறியது என்று வர வேண்டும். நானும் ரெண்டு நாள் அதை நம்பிட்டேன்."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. அவளுடைய கணக்கில் தப்பா? நூலகப் புத்தகத்தில் கிறுக்கலா?

"யாரக் கேட்டு இதுல எழுதின?"

"யாரையும் கேக்கல சார். அவங்ககிட்ட சொன்னேன்."

நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். ஆறு வருஷமாக ஜாய்ஸிடம் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் சொல்லவே இல்லை. வீட்டில் அவள் படத்துக்கு எதிரில் கூட வாயைத் திறந்ததில்லை. தப்பைச் சுட்டிக் காட்டினால் அவளுக்கு எவ்வளவு பிடிக்கும் என்று எனக்குத்தான் தெரியும். வகுப்பில் அப்படிச் சொல்கிற பிள்ளைக்கு ஒரு மார்க் கூடுதலாகப் போடுவாள்.

"அழிச்சிரட்டுமா சார்?" பயந்துபோய்க் கேட்டாள். டிராயரில் ரப்பர் இருந்தது. அவள் கண்ணுக்கும் தெரிந்தது.

"வேண்டாம். ரெண்டும் இருக்கட்டும்."

"எம்.எஸ்சி. என்ட்ரன்ஸ் எழுதுதேன் சார். இன்னும் பதினஞ்சு நாள் வச்சுக்கிடட்டுமா?"

சண்முகக்கனி கம்ப்யூட்டரில் புதுப்பித்தாள். முத்திரையை மட்டும் நான் குத்தினேன்: மே 15. அதற்கு மேல் புதுப்பிக்க விதியில் இடமில்லை. நான் ஓய்வு பெறுவது மே 31.

அவள் போன பிறகு விதிப் புத்தகத்தை எடுத்து, மூன்றாம் விதியின் ஓரத்தில் பென்சிலால் எழுதினேன்: இங்கே நான் தடுக்கி விழுந்தேன்.